காலணியைப் பிடித்துக்கொள்ளும் சேறு

வடகிழக்குப் பருவமழை கொட்டித் தீர்த்த மறுநாள், கோத்தகிரியை ஒட்டிய லாங்வுட் சோலையில் நடந்து திரும்பிய வாசகி ஒருவர், சேற்றில் புதைந்த காலை இழுத்தபோது கால் மட்டும் வெளியே வந்து காலணி உள்ளேயே தங்கிவிட்டதாக எழுதி, சேற்றுக்கு இவ்வளவு பலம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டிருக்கிறார். 116 ஹெக்டேர் பரப்புள்ள, 2024-இல் ராம்சார் எனும் பன்னாட்டு ஈரநிலப் பட்டியலில் சேர்க்கப்பட்ட அந்தச் சோலையில் நானும் மழைக்காலத்தில் நடந்திருக்கிறேன். பாதையோரத்து இலைச்சருகை விலக்கிக் கையை வைத்து அழுத்தினால், மண் மெத்தைபோல் அமிழ்ந்து மீண்டும் எழும். கையில் ஒட்டுவது தேயிலைத் தூளைப்போல் உதிரும் கருமண். அங்கிருந்து இரண்டடி தள்ளி, பாதையில், கணுக்கால் புதையும் சேறு. பெய்த மழை ஒன்றுதான். அடியில் உள்ள மண்ணும் ஒன்றுதான்.

களிமண் துகள்கள் 0.002 மில்லிமீட்டருக்கும் சிறிய தகடுகள் என்பதும், அவற்றின் பரப்பிலுள்ள எதிர்மின்னூட்டம் நீரைத் தன்மீது படலமாகப் பிடித்துவைக்கிறது என்பதும் பள்ளியில் படித்தவையே. காட்டு மண்ணில் இந்தத் துகள்கள் தனித்தனியாக இருப்பதில்லை. மண்புழுவின் எச்சமும் பூஞ்சை இழைகளும் வேர்க் கசிவுகளும் அவற்றைச் சிறு சிறு மணிகளாகத் திரட்டி வைத்திருக்கின்றன. மணிகளுக்கு இடையிலுள்ள இடைவெளிகளின் வழியே மழைநீர் கீழே இறங்கிவிடுகிறது. ஈரமாக இருக்கும்போது மிதிபட்டால் அந்த மணிகள் நசுங்கிக் குழைந்து, இடைவெளிகள் அடைபட்டு, நீர் இறங்க வழியற்றுத் தேங்குகிறது. நம் உழவர்கள் நடவுக்கு முன் வயலில் சேறடிப்பது வேண்டுமென்றே இதைச் செய்வதற்காகத்தான். காட்டுப் பாதையில் நடப்பவர்கள் அதையே அறியாமல் செய்கிறோம். மழை நீரைத்தான் கொண்டுவருகிறது, சேற்றை ஆக்குவது நம் கால்.

இனி, வாசகியின் காலணிக்கு வருவோம். சேறு பசைபோல் ஒட்டிக்கொள்வதால்தான் கால் வரவில்லை என்றே பலரும் எண்ணுகிறார்கள். ஒட்டுதல் ஓரளவு உண்டு என்றாலும், காலணியைக் கழற்றும் அளவுக்கு அது வலிமையானதன்று. உண்மையில் காலணியைப் பிடித்துவைப்பது நம் தலைக்கு மேலிருக்கும் காற்று. கால் அமிழும்போது சேறு காலணியின் அடிப்பள்ளங்களில் எல்லாம் புகுந்து, அங்கிருந்த காற்றை வெளியேற்றிவிடுகிறது. காலை உயர்த்தும்போது அடியில் ஒரு வெற்றிடம் உருவாகப் பார்க்கிறது. அதை நிரப்பக் காற்றோ நீரோ வந்தாக வேண்டும். காற்று நுழைய முடியாதபடி பக்கவாட்டுச் சேறு காலணியைச் சுற்றி மூடிக்கொள்கிறது. நீர் வரலாம், ஆனால் அது துகள்களுக்கு இடையிலுள்ள மிக நுண்ணிய துளைகளின் வழியே ஊர்ந்து வர வேண்டும். துளைகளின் விட்டம் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கினால், அதே அழுத்தத்தில் பாயும் நீர் ஏறத்தாழ நூறில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். கடற்கரை ஈரமணலில் கால் எளிதாக வருவதும், களிச்சேற்றில் வராததும் இதனால்தான்.

நீர் வந்து சேரும்வரை அடியில் அழுத்தம் குறைந்தே இருக்கும். மேலிருந்து வளிமண்டலம் முழு அழுத்தத்துடன் அழுத்திக்கொண்டிருக்கும். ஒரு சிறு கணக்கைப் பாருங்கள். கோத்தகிரி ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்தில் இருப்பதால், அங்கே காற்றின் அழுத்தம் ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 0.8 கிலோ எடைக்குச் சமம். காலணியின் அடிப்பரப்பு 200 சதுர சென்டிமீட்டர் என்று கொண்டு, அடியில் அழுத்தம் கால் பங்கு மட்டும் குறைவதாக வைத்தால்கூட, நாம் தூக்க வேண்டியது 40 கிலோ. ஒரு பள்ளிச் சிறுமியைக் காலில் கட்டிக்கொண்டு தூக்குவதற்கு ஒப்பானது அது.

இதில் வேகத்துக்கும் பங்கு உண்டு. எவ்வளவு வேகமாக இழுக்கிறோமோ அவ்வளவு வேகமாக நீர் பாய்ந்து வர வேண்டும், அதற்கு அவ்வளவு பெரிய அழுத்த வேறுபாடு தேவை. ஆகவே வெடுக்கென்று இழுப்பவருக்குச் சேறு அதிகம் எதிர்ப்புக் காட்டும். புதைமணலை ஆராய்ந்த ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தின் டேனியல் பான் குழுவினர் 2005-இல் வெளியிட்ட முடிவு எனக்கு இன்றும் வியப்பூட்டுகிறது: புதைந்த பாதத்தை நொடிக்கு ஒரு சென்டிமீட்டர் வேகத்தில் வெளியே எடுக்க, நடுத்தரக் கார் ஒன்றைத் தூக்கும் விசை தேவைப்படுகிறது. மனித உடலைவிடப் புதைமணல் ஏறக்குறைய இரு மடங்கு அடர்த்தி கொண்டதால், ஆள் இடுப்பளவுக்கு மேல் அமிழ்வதில்லை என்பதையும் அவர்கள் காட்டினார்கள். சதுப்பிலிருந்து ஏதோ ஒன்று காலைப் பிடித்து உள்ளே இழுக்கும் என்று சிறுவயதில் எங்களை அச்சுறுத்திய கதைகளில், அந்தப் பிடி மட்டும் உண்மை, உள்ளே இழுப்பது பொய்.

அதே பாதையில் கடமானும் காட்டுமாடும் சிரமமின்றிக் கடந்துபோன தடங்களைக் காணலாம். அவற்றின் குளம்பு இரண்டாகப் பிளந்தது. ஊன்றும்போது இரு பிளவுகளும் விரிந்து எடையைப் பரப்புகின்றன. தூக்கும்போது நெருங்கிச் சுருங்குவதால் பக்கவாட்டில் இடைவெளி பிறந்து, காற்று அடிவரை இறங்கிவிடுகிறது. எஸ்டோனியாவின் தாலின் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கடமானின் வடபுல உறவான மூஸின் குளம்பைப் பார்த்து, ரோபோவின் கால்களுக்குப் பிளவுபட்ட பாதங்களைப் பொருத்தினார்கள். அமிழும் ஆழமும் உறிஞ்சும் விசையும் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தன. இத்தனை சதுப்பும் வயலும் குளம்புள்ள விலங்குகளும் கொண்ட நம் நாட்டில், மண்ணின் இயற்பியலுக்கு இன்னும் தாராளமாக நிதி ஒதுக்கப்பட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

குளம்பு செய்வதை நாமும் ஓரளவு செய்யலாம். நாற்று நடும் பெண்கள் சேற்றில் காலை எடுப்பதைக் கவனித்தால் தெரியும்: நேர்மேலே இழுக்காமல், குதிகாலை முதலில் உயர்த்தி, பாதத்தைச் சற்றே திருப்பி, விரல்களைக் கடைசியாக உருவுகிறார்கள். குதிகாலுக்குப் பின்னே திறக்கும் அந்தச் சிறு இடுக்கின் வழியே காற்று உள்ளே பாயும்போது, 'பொளக்' என்று ஓர் ஓசை எழும். அந்த ஓசையைக் கேட்ட பிறகு இழுங்கள். காலணியும் காலோடு வரும்.