வலிச்சா பொறுத்துக்கன்னு சொல்றது வைத்தியம் இல்ல

கல்யாணம் கட்டுன புதுசுல வலிக்கத்தான் செய்யும், புள்ள பொறந்தா சரியாயிரும்னு தோட்டத்து லயத்துல பெரியவங்க சொல்றத கேட்டுத்தான் நாங்க வளந்தோம், ஆனா ரெண்டு புள்ள பெத்த பொறகும் புருசன்கூட சேரும்போது வலிக்குதுன்னு யார்கிட்டயும் சொல்லாம இருக்கிற அக்காமார் நெறைய.

ஆசை வரும்போது பிறப்புறுப்புக்கு ரத்த ஓட்டம் கூடி, சுவத்துல இருந்து நீர் கசிஞ்சு உள்ளுக்க ஈரமாகும், அந்த வழியும் நீண்டு விரியும். இதுக்கு நேரம் வேணும். ஒத்த காம்பராவுல மாமியார், புள்ளைங்கன்னு எல்லாரும் படுத்திருக்க, சத்தம் வந்துருமோன்னு பயந்துகிட்டு அவசரப்பட்டா ஈரம் எங்க இருந்து வரும்? காஞ்ச எடத்துல உரசுனா வலிதான்.

அடுத்தது தசை. தேயில கவ்வாத்து வெட்டுன மலையில ஒருக்கா குச்சி குத்திட்டா மறுநாள் கால் வைக்கிறப்பவே ஒடம்பு தன்னால இழுத்துக்குமே, அதே மாதிரிதான், ஒருதடவ வலிச்சிட்டா அடுத்த தடவ இடுப்படி தசை முன்கூட்டியே இறுகிரும், இறுகுனா இன்னும் வலிக்கும், வலிச்சா பயம் கூடும். இத வஜினிஸ்மஸ்னு சொல்வாங்க. அந்தப் பொண்ணு வேணும்னு செய்யல, தயவுசெஞ்சு அவள திட்டாதீங்க.

பால் குடுக்கிற காலத்துலயும் மாதவிடாய் நின்ன பொறகும் ஈஸ்ட்ரஜன்ங்கிற பொம்பளைங்க ஹோர்மோன் கொறைஞ்சு தோல் மெலிஞ்சு காஞ்சிரும். பிரசவத் தையல் தழும்பும் இழுக்கும். அரிப்பு, நாத்தத்தோட வெள்ளைப்படுறது இருந்தா இன்பெக்‌ஷனா இருக்கலாம். ஆழத்துல வலிச்சு, மாச வலியும் தாங்க முடியாம இருந்தா என்டோமெட்ரியோசிஸான்னு பாக்கணும், அது கர்ப்பப்பை உள்தோல் மாதிரியான திசு கர்ப்பப்பைக்கு வெளியில வளர்றது.

ஒவ்வொண்ணுக்கும் வைத்தியம் வேற. காஞ்சு போறதுக்கு பார்மசியில தண்ணி கலந்த ஜெல் இருக்கு (கொண்டம் போட்டா தேங்காயெண்ணெ பூசாதீங்க, ரப்பர் கிழிஞ்சிரும்). மாதவிடாய் நின்னவங்களுக்கு ஈஸ்ட்ரஜன் கிரீம் டொக்டர் குடுப்பாங்க. இறுகுற தசைக்கு பிசியோதெரபி, மூச்சுப்பயிற்சி, சின்ன சைஸ்ல இருந்து கொஞ்சங்கொஞ்சமா உள்ளுக்க வச்சு பழக்குற டைலேட்டர்ங்கிற குழாய் மாதிரி சாமான். என்டோமெட்ரியோசிஸுக்கு ஹோர்மோன் மருந்து, சிலருக்கு ஒபரேஷன்.

வீட்டுக்கு வர்ற மிட்வைப் மிஸ்கிட்ட சொல்லலாம். 35 வயசு தாண்டுனவங்களுக்கு இலங்கையில 1996ல இருந்தே பொம்பளைங்க ஒடம்ப சோதிக்கிற வெல் வுமன் கிளினிக் நடக்குது. சேர்ந்த பொறகு ரத்தம் பட்டா மட்டும் நாள் கடத்தாதீங்க, கர்ப்பப்பை வாய் புத்துநோயான்னு பாக்கணும். வாசல்லயே வலிக்குதா உள்ளுக்கவா, எப்ப இருந்துன்னு சொன்னா போதும், சோதிக்கும்போது வலிச்சா நிப்பாட்டுங்கன்னு சொல்றதுக்கும் ஒங்களுக்கு உரிமை இருக்கு.