அடிப்போகைன் என்றால் கொழுப்பு இல்லை

சித்தப்பாவுக்குப் பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்த மறுநாள், ஓர் ஆராய்ச்சிக்கான ஒப்புதல் படிவத்தைச் சித்தி கையில் கொடுத்திருக்கிறார்கள். தலைப்பு: 'கடுமையான இஸ்கிமிக் பக்கவாத நோயாளிகளின் கொழுப்புத் திசு இரத்த உயிர்க்குறிகள்'. சித்தி அதைப் படம் பிடித்து எனக்கு அனுப்பிவிட்டு போனில் கேட்டார், "வயித்துல கீறி சதை எடுப்பாங்களாப்பா?" உள்ளே ஓரிடத்தில் 'கொழுப்பு நொதி', இன்னோரிடத்தில் 'கொழுப்பியக்கி'. இந்த இரண்டையும் வேறு வேறு மொழிபெயர்ப்புகளில் பார்த்துப் பார்த்து எனக்குச் சலித்துவிட்டது.

இரண்டுக்கும் ஆங்கில மூலச்சொல் அடிப்போகைன் (adipokine). லத்தீனில் 'அடெப்ஸ்' கொழுப்பு, கிரேக்கத்தில் 'கினெயின்' அசைப்பது. அடிப்போசைட்டோகைன் என்று நீளமாக இருந்தது சுருங்கி இப்படி ஆயிற்று. பொருள்தான் முக்கியம்: நம் உடம்பில் உள்ள கொழுப்பு வெறும் சேமிப்புக் கிடங்கு இல்லை, அது சில புரதங்களைச் செய்து இரத்தத்தில் விடுகிறது, அவை மூளைக்கும் கல்லீரலுக்கும் இரத்தக்குழாய்ச் சுவருக்கும் சேதி கொண்டுபோகின்றன. 1994இல் ஜெஃப்ரி ஃபிரீட்மன் குழு எலியில் கண்டுபிடித்த லெப்டின் இதில் பிரபலமானது. 'போதும், சாப்பிட்டது போதும்' என்று மூளைக்குச் சொல்லும் புரதம். அப்புறம் அடிப்போனெக்டின், ரெசிஸ்டின்.

சரி, 'கொழுப்பு நொதி'க்கு வருவோம். நொதி என்பது வேதிவினையைத் துரிதப்படுத்துவது, லெப்டின் அந்த வேலை எதுவும் செய்வதில்லை. இதே குடும்பத்து விஸ்ஃபாடின் நொதிதானே என்று யாராவது சண்டைக்கு வரலாம்; ஆமாம், அது நொதிதான், அதற்காகக் குடும்பத்துக்கே அந்தப் பெயரை வைப்பதா?

'கொழுப்பியக்கி' இதைவிடத் தந்திரமான தப்பு, ஏனென்றால் கேட்க நல்ல தமிழாக இருக்கிறது. ஆனால் பூச்சிக்கொல்லி பூச்சியைக் கொல்கிறது, ஒலிபெருக்கி ஒலியைப் பெருக்குகிறது. 'இ' என்று முடியும் இப்படிப்பட்ட சொல்லில் முன்னால் நிற்பது செயப்படுபொருள் என்றுதான் தமிழ்க் காது எடுத்துக்கொள்ளும், நடுவே மறைந்திருப்பது 'ஐ' என்ற இரண்டாம் வேற்றுமை. அப்படியானால் கொழுப்பியக்கி கொழுப்பை இயக்குவது, அதாவது தொப்பை கரைக்க டிவியில் விற்கிற மாத்திரை! இங்கே வேண்டியதோ கொழுப்பிலிருந்து வருவது. மூலச்சொல்லைத் துண்டு துண்டாக வெட்டி ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு தமிழ்ச்சொல் வைத்து ஒட்டினால் கலைச்சொல் ஆகிவிடும் என்று நினைக்கிறவர்களிடம் எனக்கு உள்ள மனத்தாங்கலே இதுதான், வேற்றுமையை யாரும் யோசிப்பதில்லை.

நான் வைக்கும் சொல் 'கொழுப்பிழையத் தூதுப்புரதம்'. இழையம் பழக்கமில்லை என்றால் கொழுப்புத்திசு என்று வைத்துக்கொள்ளுங்கள், எனக்குப் பிடிவாதம் இல்லை. புரதம் என்ற சொல் மட்டும் இருந்தே ஆகவேண்டும். அது இல்லாவிட்டால் படிக்கிறவர் கொலஸ்ட்ரால் என்றே நினைப்பார், எண்ணெயை நிறுத்துவார். சொல் நீளம் என்று குறை சொன்ன நண்பர் ஒருவர் 'கொழுப்புவிடு தூது' என்று வைக்கலாமே என்று கிண்டலடித்தார். நெஞ்சுவிடு தூதில் தூது போவது நெஞ்சு, அந்தக் கணக்கில் இங்கே கொழுப்பே கிளம்பிப் போகவேண்டும், அதே வேற்றுமைச் சிக்கல் என்றேன். இவனிடம் வாய் கொடுத்திருக்கக் கூடாது என்று போய்விட்டார்.

தலைப்பில் உள்ள 'உயிர்க்குறி' இன்னொரு கூத்து, ஆங்கிலத்தில் அது பயோமார்க்கர். நாடித்துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் அப்படிச் சொல்கிறவர்கள் உண்டு, குறி என்றதும் உடுக்கை ஞாபகம் வருகிறவர்களும் உண்டு. உடல்நிலையைக் காட்டும், அளக்கக்கூடிய பொருள், 'உயிரிச்சுட்டி' போதும். இந்தப் புரதங்களையும் இன்னும் நல்லது கெட்டது என்று பிரித்துவிட முடியவில்லை. அடிப்போனெக்டின் பருமனானவர்களுக்குக் குறைந்து காணப்படும், இரத்தக்குழாய்க்கு நல்லது செய்யும் என்பார்கள். பக்கவாதம் வந்தவர்களிடம் அளந்தபோதோ ஆய்வுகள் ஒன்றுக்கொன்று முரணாகப் பேசுகின்றன. சுட்டி என்றால் சுட்டிக்காட்டும், தீர்ப்புச் சொல்லாது.

அந்தக் 'கடுமையான'வும் மொழிபெயர்ப்புப் பிழைதான். மூலத்தில் உள்ள 'அக்யூட்' (acute) என்ற சொல் 'திடீரென வந்த, வந்து அதிக நாள் ஆகாத' என்ற பொருளில் வருவது, நாள்பட்டதற்கு எதிர்ப்பதம். லேசான பக்கவாதமும் திடீரென்றுதான் வரும். இஸ்கிமிக் என்பது இரத்தம் போகாமல் தடைபட்டது, மூளையில் கசிந்த வகை வேறு. 'மூளைக்கு இரத்தம் தடைபட்டுத் திடீரென வந்த பக்கவாதம்' என்று எழுதினால் என்ன குறைந்துவிடும்? டாக்டர் லேசானது என்று சொல்லியிருந்தும், இந்த ஒரு சொல்லைப் பார்த்துச் சித்தி ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை.

கடைசியில் அந்தப் பக்கத்தை நானே ஒரு தாளில் திருப்பி எழுதி அனுப்பினேன்: 'உடம்பில் உள்ள கொழுப்பு இரத்தத்தில் விடும் சில புரதங்களை அளப்போம். கையில் ஊசி குத்தி இரத்தம் மட்டும் எடுப்போம்.' சித்தி படித்துவிட்டு, "இவ்வளவுதானா, இதையே எழுதியிருக்கலாமே" என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்.