வெள்ளம் வடிந்ததும் அடிபம்பில் வரும் முதல் தண்ணீர்

தெருவில் இடுப்பளவு தண்ணீர் நிற்கும், வீட்டில் குடிக்க ஒரு குடம் இருக்காது. 2015 டிசம்பரிலும் சரி, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோதும் சரி, வட சென்னையில் வியாசர்பாடி, புளியந்தோப்பு, கொருக்குப்பேட்டை, எர்ணாவூர் பக்கம் இருந்தவர்களுக்கு இதைப் புதிதாகச் சொல்லத் தேவையில்லை. தண்ணீர் வராத நாட்களை எப்படியோ லாரி, கேன் என்று சமாளித்துவிடுகிறோம். "அப்பாடா, பம்புல தண்ணி வருது" என்று எல்லாரும் குடத்தோடு ஓடுகிற அந்த முதல் நாள்தான் எனக்குப் பயம்.

காரணம் குழாய்க்குள் இருக்கிற அழுத்தம். மண்ணுக்கடியில் போகிற குடிநீர்க் குழாயில் எங்காவது கசிவு இருக்கத்தான் செய்யும். இணைப்பு தளர்ந்திருக்கும், துருப்பிடித்திருக்கும், கேபிள் போட வந்தவர் கடப்பாரையால் ஒரு இடி இடித்துவிட்டுப் போயிருப்பார். உள்ளே அழுத்தம் இருக்கும்வரை இது வெறும் நஷ்டம், தண்ணீர் வெளியே ஒழுகும், அவ்வளவுதான். இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். 10 மீட்டர் உயரத் தண்ணீர் கிட்டத்தட்ட ஒரு வளிமண்டல அழுத்தத்துக்குச் சமம். குழாய் தரைக்கு ஒரு மீட்டர் கீழே கிடக்கிறது, மேலே ஒரு மீட்டர் வெள்ளம் நிற்கிறது, மண்ணெல்லாம் ஊறிப்போயிருக்கிறது என்றால், குழாயை வெளியிலிருந்து 2 மீட்டர் தண்ணீர் அழுத்துகிறது. உள்ளே அதைவிடக் குறைவாக இருந்தால், நேற்றுவரை வெளியே ஒழுகிய அதே ஓட்டை இன்று உள்ளே இழுக்கும்.

உள்ளே அழுத்தம் எப்போது குறையும்? கரண்ட் போனதும். தெருவோர மின்பெட்டியில் (பில்லர் பாக்ஸ்) தண்ணீர் ஏறினால் கரண்டை நிறுத்தித்தான் ஆக வேண்டும், அதில் யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் கரண்ட் இல்லாமல் குடிநீர் நீரேற்று நிலையம் நிற்கும்போது கழிவுநீர் பம்பிங் நிலையமும் கூடவே நிற்கும். வட சென்னை கடல் மட்டத்துக்குச் சில மீட்டர் மட்டுமே உயரமான தட்டை நிலம், இங்கே சாக்கடை தானாக வழிந்தோடிப் போய்விடாது, பம்ப் வைத்து ஏற்றி ஏற்றித்தான் கொடுங்கையூர் சுத்திகரிப்பு நிலையம்வரை கொண்டுபோக வேண்டும். அது நின்றால் மேன்ஹோல் பொங்கும். பக்கிங்ஹாம் கால்வாயும் ஓட்டேரி நல்லாவும் நிரம்பியிருந்தால் வடியவும் வழியில்லை. ஆக, குடிநீர்க் குழாயில் அழுத்தம் இறங்குகிற அதே நேரத்தில், அதைச் சுற்றியிருக்கிற தண்ணீரில் சாக்கடை ஏறுகிறது.

இதற்கு மேல், அந்தக் குடிநீர்க் குழாயிலேயே மாட்டியிருக்கிற நம்ம அடிபம்பு வேறு. பம்பு தண்ணீரை இழுக்கிறது என்று சொல்கிறோம், உண்மையில் அது குழாய்க்குள் காற்றழுத்தத்தைக் குறைக்கிறது, வெளியே இருக்கிற வளிமண்டலம் தண்ணீரை உள்ளே தள்ளுகிறது. குழாய் நிறைய நல்ல தண்ணீர் இருந்தால் அது வரும். காலியாகக் கிடந்தால் எந்த ஓட்டை வழியாக எது கிடைக்கிறதோ அது வரும். ஓட்டை விழுந்த ஸ்ட்ராவில் உறிஞ்சுகிற கதைதான், ஸ்ட்ரா இளநீரில் இல்லாமல் சாக்கடையில் கிடக்கிறது. லைனில் நேராக மோட்டார் போடுவது இன்னும் மோசம். போடக் கூடாது என்று விதி இருக்கிறது, போடாத தெருவைக் காட்டுங்கள் பார்ப்போம்.

அதனால் முதலில் வருகிற தண்ணீரைக் கழிவறைக்கும் வாசல் கழுவவும் விட்டுவிடுங்கள். அப்புறம் கலங்கல் போய்த் தெளிவாக வந்தாலும், கொதிக்க வைக்காமல் குடிக்காதீர்கள். கொப்புளம் விட்டுத் தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தால் போதும், பாக்டீரியா, வைரஸ், குளோரினுக்கு மசியாத சில ஒட்டுண்ணிகள் எல்லாமே செத்துவிடும். பாதியாக வற்றும்வரை கொதிக்க வைத்து சிலிண்டரைத் தீர்க்க வேண்டியதில்லை. ஆனால் எண்ணெய் வாடை வந்தால் கொதிக்க வைத்தும் பயனில்லை, குளோரினுக்கும் அது போகாது. 2023இல் மணலியிலிருந்து எண்ணூர் கழிமுகம்வரை எண்ணெய் பரவியதே, அந்த மாதிரித் தண்ணீர் கலந்திருந்தால் குடிக்கவும் சமைக்கவும் வேண்டவே வேண்டாம், லாரிக்குக் காத்திருங்கள்.

கேஸ் இல்லை என்றால் குளோரின். பிளீச்சிங் பவுடர் தண்ணீரில் கரைந்ததும் ஹைபோகுளோரஸ் அமிலம் உருவாகிறது. இதன் மூலக்கூறுக்கு மின்னூட்டம் கிடையாது, அதனால் கிருமியின் மேலுறையைத் தாண்டிச் சுலபமாக உள்ளே போய் அதன் என்சைம்களைக் கெடுத்துவிடும். தண்ணீரில் காரத்தன்மை (அமிலத்துக்கு எதிரானது) அதிகமாக இருந்தால் இந்த அமிலம் மின்னூட்டமுள்ள அயனியாக மாறிவிடும், அது அவ்வளவு சுலபமாக உள்ளே நுழையாது, கொல்லும் திறனும் பல மடங்கு குறைவு. இன்னொரு சிக்கல், குளோரின் கிருமியைத் தேடிப் போவதில்லை. சேறு, இலைக் கழிவு, சாக்கடை அம்மோனியா என்று எதிரில் வருகிற எல்லாவற்றோடும் வினைபுரிந்து தீர்ந்துபோகும். கலங்கல் தண்ணீரில் நேராக பவுடரைக் கொட்டுவது அதனால்தான் வீண். முதலில் படிகாரக் கட்டியை நாலைந்து சுற்று சுற்றி எடுங்கள். களிமண் துகள்கள் எதிர்மின்னூட்டத்தோடு ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு மிதக்கின்றன, படிகாரத்தின் அலுமினியம் அந்த மின்னூட்டத்தைச் சமன் செய்ததும் ஒட்டிக் கட்டியாகி அடியில் படியும். மேலே தெளிந்ததை மட்டும் நாலாக மடித்த வேட்டித் துணியில் வடிகட்டுங்கள்.

அளவுதான் எல்லாருக்கும் குழப்பம். புது பாக்கெட் பிளீச்சிங் பவுடரில் கால் பங்கு குளோரின் என்று வைத்துக்கொள்வோம் (திறந்து வைத்து ஈரம் ஏறிக் கட்டி தட்டியதை நம்ப வேண்டாம்). தலைதட்டி ஒரு தேக்கரண்டி, சுமார் 4 கிராம், ஒரு லிட்டர் தண்ணீரில் கலக்கி மூடி வையுங்கள். சுண்ணாம்பு அடியில் இறங்கியதும் மேலே நிற்கிற தெளிவிலிருந்து 15 லிட்டர் குடத்துக்கு 3 தேக்கரண்டி. லிட்டருக்கு ஏறக்குறைய ஒரு மில்லிகிராம் வரும், அரை மணி நேரம் விட வேண்டும். அதன்பின் லேசாக குளோரின் வாடை அடிக்க வேண்டும், அடிக்கவில்லை என்றால் எல்லாம் செலவாகிவிட்டது, இன்னொரு முறை அதே அளவு ஊற்றி மறுபடி அரை மணி. வெள்ளத்துக்குப் பிறகு, தண்ணீரில் சொட்டு மருந்து விட்டு மஞ்சள் நிறம் வருகிறதா என்று குளோரின் சோதனை செய்ய வருகிறார்களே, அந்த மருந்து விட்டு பத்து விநாடிக்குள் வருகிற நிறம்தான் வேலை செய்யத் தயாராக மிச்சமிருக்கும் குளோரின். மெதுவாக ஏறுகிற மஞ்சள், அம்மோனியாவோடு சேர்ந்து பலம் குறைந்துபோனது. லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் மிச்சம் இருந்தால் நல்லது.

சம்ப் விஷயம் தனி. சாக்கடை இறங்கிவிட்டது என்று பதறி, சுற்றிலும் வெள்ளம் நிற்கும்போதே மோட்டார் போட்டு முழுக்கக் காலி செய்யாதீர்கள். நிலத்தடி நீர் கீழிருந்து மேல்நோக்கித் தள்ளும், தொட்டிக்குள் எடை இல்லை என்றால் அடித்தளம் வெடிக்கும், பிளாஸ்டிக் தொட்டி என்றால் மிதந்தே வெளியே வரும். வெளியே வடியட்டும். பிறகு இறைத்துத் தேய்த்துக் கழுவி, ஆயிரம் லிட்டருக்கு 200 கிராம் பவுடர் கலந்து ஒரு நாள் விட்டு, அதையும் இறைத்துவிட்டுத்தான் புதுத் தண்ணீர். தேய்க்க உள்ளே இறங்குகிறவரை மேலிருந்து ஒருவர் பார்த்துக்கொண்டே நிற்க வேண்டும், மூடிக் கிடந்த தொட்டியில் ஆக்சிஜன் குறைவாக இருக்கலாம். கறை போகவில்லையே என்று பாத்ரூம் ஆசிட்டை பிளீச்சிங் பவுடரோடு சேர்த்து ஊற்றிவிடாதீர்கள், கிளம்புவது குளோரின் வாயு, காற்றைவிடக் கனமானது, தொட்டிக்குள்ளேயே தங்கிவிடும்.