கழிமுகம்: ஆறு கடலோடு கலக்கும் இடத்துக்கான சொற்கள்

ஆறு கடலோடு கலக்கும் இடத்தைச் செய்தித்தாள்கள் பெரும்பாலும் 'முகத்துவாரம்' என்று எழுதுகின்றன. பாடநூல்களில் 'கழிமுகம்' என்று படிக்கிறோம். குமரி மாவட்டக் கடற்கரையில் 'பொழிமுகம்' வழங்குகிறது. இலங்கைத் தமிழர் 'பொங்குமுகம்' என்கின்றனர். பழைய அகராதிகளில் 'கயவாய்' கிடைக்கிறது. ஆங்கிலத்தின் 'எஸ்சுவரி' என்ற சொல்லுக்கு ஈடாக இவை எல்லாமே எடுத்தாளப்படுகின்றன. ஆனால் இவற்றில் சில ஆற்றின் வாயை மட்டும் சுட்டுகின்றன. சில அந்த வாய்க்குப் பின்னால் விரிந்து கிடக்கும் நீரையும் நிலத்தையும் சேர்த்துச் சுட்டுகின்றன. இந்த நீர்ப்பரப்புகளைக் காப்பதைப் பற்றிப் பேசத் தொடங்கியதும் இந்த வேறுபாடு பெரிதாகிவிடுகிறது.

முதலில் பொருளைப் பார்ப்போம். அமெரிக்கக் கடலியலாளர் டொனால்ட் பிரிட்சர்ட் 1967-இல் தந்த வரையறையே இன்றும் பரவலாக எடுத்தாளப்படுகிறது. அது மூன்று தன்மைகளைக் கேட்கிறது. கரையோர நீர்நிலை ஓரளவு சூழப்பட்டிருக்க வேண்டும். திறந்த கடலோடு தடையற்ற தொடர்பு இருக்க வேண்டும். நிலத்திலிருந்து வடிந்து வரும் நன்னீர், அளந்து சொல்லக்கூடிய அளவுக்குக் கடல்நீரின் உப்பைக் குறைத்திருக்க வேண்டும். கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்கிறது. ஆற்றுநீரில் அது மிகச் சொற்பம். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட உவர்ப்பு, நாளுக்கு நாள், ஓதத்துக்கு ஓதம் (ஓதம் என்பது கடல்மட்டத்தின் அன்றாட ஏற்ற இறக்கம்) மாறிக்கொண்டே இருக்கும் நீர்ப்பரப்புதான் எஸ்சுவரி. மூன்றாவது நிபந்தனையில் 'நிலத்திலிருந்து வடிந்து வரும்' என்று ஒரு தொடர் இருக்கிறது. வரையறைக்குள்ளேயே மேட்டு நிலம் வந்துவிட்டது.

இந்த வரையறைக்குள் அடங்காத ஆறுகளும் உண்டு. வெயில் காலத்தில் மணல் மூடி, மழைக்காலத்தில் மட்டும் திறக்கும் வாய்களுக்குத் 'தடையற்ற தொடர்பு' என்ற நிபந்தனை பொருந்தாது. தென்னாப்பிரிக்க ஆய்வாளர் ஜே. எச். டே பின்னர் 'நிலையாகவோ அவ்வப்போதோ கடலோடு திறந்திருக்கும்' என்று வரையறையை விரித்தார். நம் கரைக்கு இதுவே பொருத்தம்.

ஆங்கிலச் சொல் இலத்தீனின் 'ஈஸ்டுவாரியம்' என்பதிலிருந்து வந்தது. அதன் வேர் 'ஈஸ்டஸ்'. கொதிப்பு, பொங்குதல், கடலின் ஏற்றம் என்று அதற்குப் பல பொருள் உண்டு. ஓதம் ஏறி இறங்கும் இடம் என்பதே அங்கே முதன்மைக் கருத்து. 'பொங்குமுகம்' இந்த வேர்ப்பொருளுக்கு மிக நெருக்கமாக நிற்கிறது. இலங்கை வழக்கில் இன்னொரு நன்மையும் இருக்கிறது. அங்கே கடலோர உவர்நீர் ஏரிக்குக் 'களப்பு' என்ற தனிச்சொல் இருப்பதால், மட்டக்களப்பு என்ற ஊர்ப்பெயரிலேயே அது வாழ்வதால், களப்பும் பொங்குமுகமும் ஒன்றோடொன்று குழம்புவதில்லை. தமிழகத்தில் அந்த ஏரிக்குக் 'காயல்' என்ற சொல் உண்டு. தாமிரபரணியின் கடைமடையில் புன்னைக்காயல், பழையகாயல், காயல்பட்டினம் என்று ஊர்கள் இருந்தும், பொது எழுத்தில் அச்சொல்லை நாம் ஏறக்குறைய கைவிட்டுவிட்டோம்.

இனித் தமிழ்ச் சொற்கள். மிகப் பழையது 'புகார்'. இன்று அது ஒரு நகரத்தின் பெயராகவே நினைவில் நிற்கிறது. ஆறு கடலில் புகும் இடம் என்ற பொதுப்பொருள் அதற்கு உண்டு. காவிரி புகும் இடத்தில் இருந்ததால்தான் அந்தப் பட்டினத்துக்கு அப்பெயர். புறநானூற்றின் 30-ஆம் பாட்டு, உறையூர் முதுகண்ணன் சாத்தனார் சோழன் நலங்கிள்ளியைப் பாடியது, இச்சொல்லை ஆளும் விதம் கவனிக்கத்தக்கது. பாய்மரத்தில் விரித்த பாயைச் சுருட்டாமலும், கப்பலின் பாரத்தைக் குறைக்காமலும், பெருங்கலம் புகாரில் புகுந்துவிடும் என்கிறது பாட்டு. பழைய உரை அங்கே 'ஆற்றுமுகம்' என்றே பொருள் கொள்கிறது. துறைமுகத்தின் பெருமையைச் சொல்ல வந்த புலவர் ஆற்றுவாயின் ஆழத்தைச் சான்றாக வைக்கிறார். நிறைந்த பாரத்தோடு கப்பல் நுழைய வேண்டுமானால் அந்த வாயில் மணல் மேடிட்டிருக்கக் கூடாது. மணலைத் தள்ளிவிடும் அளவுக்கு மேலிருந்து நீர் வந்திருக்க வேண்டும்.

'கயவாய்' என்பதைக் கயம், வாய் என்று பிரிக்கலாம். கயம் என்பது ஆழ்ந்த நீர்நிலை. அழகான சொல்தான். ஆனால் வழக்கு முற்றிலும் அற்றுப்போனதால், இன்று எழுதினால் அடிக்குறிப்பு தேவைப்படும்.

'முகத்துவாரம்' வடமொழிச் சேர்க்கை. முகம், துவாரம் ஆகிய இரண்டுமே திறப்பைக் குறிப்பவை. கொழும்பில் களனி கங்கை கடலில் சேரும் பகுதிக்கும், மட்டக்களப்பில் ஓர் இடத்துக்கும் இது ஊர்ப்பெயராகவே நிலைத்திருக்கிறது. தமிழகத்திலும் மீனவர் பேச்சிலிருந்து அரசாணை வரை எங்கும் புழங்குகிறது. 'முகத்துவாரம் அடைத்துக்கொண்டது', 'முகத்துவாரத்தைத் தூர்வார வேண்டும்' என்பன பழவேற்காட்டிலும் எண்ணூரிலும் அடையாற்றிலும் ஆண்டுதோறும் கேட்கும் வாக்கியங்கள். படகு கடலுக்குப் போய்த் திரும்பும் வாசலைப் பற்றி மீனவர் பேசும்போது இதைவிடச் சரியான சொல் இல்லை. சிக்கல், கழிமுகம் முழுவதற்கும் இந்தச் சொல்லையே நாம் பயன்படுத்தும்போது எழுகிறது. துவாரம் என்றால் அடைப்பை எடுத்தால் போதும் என்று தோன்றிவிடுகிறது. மணல் அள்ளும் இயந்திரம் வருகிறது, வாய் திறக்கிறது, சில மாதங்களில் மறுபடி மூடுகிறது.

ஏன் மூடுகிறது? தமிழகத்தின் கிழக்குக் கரையில் அலைகள் மணலைக் கரையோரமாகவே நகர்த்திக்கொண்டு போகின்றன. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் வடக்கு நோக்கி. வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் தெற்கு நோக்கி. ஆண்டு முழுவதையும் கூட்டிப் பார்த்தால் வடக்கு நோக்கிய நகர்வே மிகுதி. சென்னைத் துறைமுகம் கட்டிய பின் அதன் தெற்கே மெரினாவில் மணல் சேர்ந்ததும், வடக்கே இராயபுரம் பக்கம் கடல் அரித்ததும் இதனால்தான். இந்த மணல் ஆற்றின் வாயைக் கடக்கும்போது அங்கே தங்கப் பார்க்கிறது. அதைத் தள்ளிவிடுவதற்கு இரண்டு விசைகள் மட்டுமே இருக்கின்றன. ஒன்று, மேலிருந்து வரும் ஆற்றுநீர். மற்றொன்று, ஓதம் ஏறும்போது உள்ளே போய் இறங்கும்போது வெளியேறும் கடல்நீர். சென்னைக் கரையில் பெரிய ஓதத்தின்போதே நீர்மட்டம் ஏறத்தாழ ஒரு மீட்டர்தான் ஏறி இறங்குகிறது. ஆகவே உள்ளே போகும் நீரின் அளவு, கழிப்பரப்பு, அதாவது வாய்க்கு உள்ளே நீர் தேங்கும் பரப்பு, எவ்வளவு அகலமாக இருக்கிறது என்பதையே பெரிதும் பொறுத்தது. கழியை மண்கொட்டி மேடாக்கினால் ஓதநீர் தங்குவதற்கு இடம் குறையும், வெளியேறும் வேகம் தளரும், வாய் மூடும். வாயில் தெரியும் நோய்க்குக் காரணம் உள்ளே இருக்கிறது.

இதனால்தான் 'கழிமுகம்' என்ற சொல்லை நான் வலியுறுத்துகிறேன். அதன் முதல் பாதி ஒரு நிலப்பரப்பின் பெயர். கழி என்பது கடல்நீர் உள்ளேறித் தேங்கும் உவர்நீர்ப் பரப்பு. உப்பங்கழி என்றும் சொல்கிறோம். நெய்தல் திணைப் பாடல்களில் 'இருங்கழி' என்ற தொடர் திரும்பத் திரும்ப வருகிறது. கழியும் கானல் என்னும் கடற்கரைச் சோலையும், நீரில் நெய்தற்பூவும், கரையில் தாழையும் புன்னையும் ஞாழலும், சேற்றில் வேரூன்றிய கண்டலும் அங்கே ஒரே உலகமாக நிற்கின்றன. சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயரைத் தந்த மரமும் கழியோரத்து மரமே. அது இன்றும் பிச்சாவரத்தில், வெள்ளாற்றின் முகத்துக்கும் கொள்ளிடத்தின் முகத்துக்கும் இடையே, அலையாத்தியோடும் சுரபுன்னையோடும் வளர்கிறது. கடலில் முட்டையிடும் இறால் இனங்களின் குஞ்சுகள் ஓதத்தோடு இந்தக் கழிகளுக்குள் வந்து, வேர்களுக்கிடையே ஒதுங்கி வளர்ந்து, பிறகு கடலுக்குத் திரும்புகின்றன. 'கழிமுகம்' என்று எழுதும்போது இவையெல்லாம் சொல்லுக்குள் இருக்கின்றன.

இச்சொல்லுக்கும் ஓர் ஆபத்து உண்டு. கழித்தல், கழிவு, கழிவுநீர் ஆகியவற்றின் ஒலி இதில் கேட்கிறது. 'வேண்டாததைக் கழிக்கும் இடம்' என்ற எண்ணம் மனத்தில் படிந்துவிடலாம். தமிழில் கழி என்பதற்குப் பல பொருள் உண்டு. 'கழிபேருவகை' என்னும்போது அது மிகுதியைக் குறிக்கிறது. நன்னூல் 'சால உறு தவ நனி கூர் கழி மிகல்' என்று அதை மிகுதிப்பொருள் தரும் உரிச்சொற்களோடு சேர்க்கிறது. நீர்நிலையான கழியைக் குப்பைக்கு நெருக்கமாக வைத்துப் பார்க்க மொழியில் எந்தக் கட்டாயமும் இல்லை. ஆனால் நிலப் பதிவேடுகளிலும் பேச்சிலும் அப்படித்தான் நடந்தது. சதுப்பு 'தரிசு' ஆனது, கழுவேலி 'புறம்போக்கு' ஆனது. வரி விதிக்கத் தகுதியில்லாத நிலம் எதற்கும் தகுதியில்லாத நிலம் என்று கொள்ளப்பட்டது. ஆறு கடலில் சேர்வதை 'வீணாகக் கடலில் கலக்கும் நீர்' என்று எழுதும் வழக்கத்தையும் இதனோடு சேர்க்க வேண்டும். நன்னீர் வந்து சேராவிட்டால் கழிமுகம் என்று ஒன்று இருக்கவே முடியாது. அந்தத் தொடரில் உள்ள 'வீணாக' என்ற சொல்லை நம் இதழாசிரியர்கள் கைவிட வேண்டும் என்று மனமாரக் கேட்டுக்கொள்கிறேன்.

'பொழிமுகம்' தனி மதிப்புள்ளது. கேரளத்தில் எப்போதும் திறந்திருக்கும் வாயை 'அழி' என்றும், பருவத்துக்கேற்ப மூடித் திறப்பதைப் 'பொழி' என்றும் பிரித்துச் சொல்கிறார்கள். குமரி மாவட்டத்தில் பழையாறு கடலில் சேரும் மணக்குடியைப் பொழிமுகம் என்றே குறிப்பிடுவார்கள். மூடித் திறக்கும் வாய்க்கு இச்சொல்லைத் தமிழகம் முழுவதும் எடுத்துக்கொள்ளலாம். மூடியிருப்பதெல்லாம் கேடு என்ற எண்ணத்தையும் அது திருத்தும். சில ஆறுகளுக்குப் பருவகால மூடல் இயல்பு.

ஒரு குழப்பத்தையும் இங்கேயே நீக்கிவிடலாம். சில நூல்கள் டெல்டாவுக்கும் கழிமுகம் என்று எழுதுகின்றன. டெல்டா என்பது ஆறு கொண்டுவந்த வண்டல் படிந்து உருவான நிலம். அதற்கு 'வடிநிலம்' போதும். காவிரிக்கு வடிநிலமும் உண்டு, அதன் கிளைகளுக்குக் கழிமுகங்களும் உண்டு.

இனிக் கழிமுகத்துக்குப் பின்னால் உள்ள நிலம். ஆங்கிலத்தில் 'வாட்டர்ஷெட்'. முதலில் அது இரண்டு ஆறுகளின் நீரைப் பிரிக்கும் மேட்டு வரம்பைக் குறித்தது. ஜெர்மானியச் சொல் ஒன்றை ஒட்டி அமைந்தது. பிரிட்டனில் அந்தப் பொருள் தொடர, அமெரிக்காவில் அது அந்த மேட்டு வரம்புக்கு உட்பட்ட முழு நிலத்துக்கும் பெயரானது. தமிழில் அந்த வரம்பை 'நீர்பிரிமுகடு' என்றும், நிலத்தை 'நீர்ப்பிடிப்புப் பகுதி' அல்லது 'நீர்வடிப் பகுதி' என்றும் பிரித்துச் சொல்ல முடிகிறது. இவ்விரண்டில் முன்னது அணைகளோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. 'நீர்ப்பிடிப்புப் பகுதிகளில் மழை, அணையின் நீர்மட்டம் உயர்வு' என்று படித்துப் படித்து, பிடித்து வைப்பதற்கான நிலம் என்ற எண்ணம் அதில் ஊறிவிட்டது. அரசின் மேம்பாட்டுத் திட்டங்கள் ஆளும் 'நீர்வடிப் பகுதி' கழிமுகத்துக்குச் சரியாகப் பொருந்துகிறது. நீர் வடிந்து எங்கே போகிறது என்ற கேள்வியை அது எழுப்புகிறது.

பள்ளிக்கரணையை எடுத்துக்கொள்ளுங்கள். சென்னையின் தெற்கே ஏறத்தாழ 250 சதுர கிலோமீட்டர் நிலத்தின் மழைநீர், ஏரி ஏரியாக இறங்கி, 2022-இல் ராம்சார் தகுதி (பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்ற ஏற்பு) பெற்ற அந்தச் சதுப்பில் சேர்கிறது. அங்கிருந்து ஒக்கியம் மடு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்கும், பிறகு கோவளம் கழிமுகத்துக்கும் போகிறது. மேலே ஓர் ஏரியின் கலங்கல், அதாவது மிகுநீர் வழிந்தோடும் வாய், அடைபட்டாலும், ஒரு வரத்துக்கால் மனைகளாக மாறினாலும், கோவளத்தில் கடலுக்குப் போகும் நீரின் அளவும் வேகமும் உப்பும் மாறுகின்றன.

சட்டம் இதில் எங்கே நிற்கிறது? கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, ஓதத்தின் தாக்கம் ஆற்றுக்குள் எவ்வளவு தொலைவு என்பதை உப்பை வைத்தே அளக்கிறது. ஆண்டின் மிக வறண்ட காலத்தில் நீரில் ஆயிரத்துக்கு 5 பங்கு உப்பு இருக்கும் இடம்தான் எல்லை. வாயைத் தாண்டி உள்நாடு வரை கழிமுகம் நீள்கிறது என்பதைச் சட்டம் ஏற்கிறது. அது பெரிய நன்மை. ஆனால் அகலவாக்கில் 2011-ஆம் ஆண்டு அறிவிக்கை கரையிலிருந்து 100 மீட்டர் அல்லது நீர்வழியின் அகலம், இவற்றில் குறைந்ததையே தன் எல்லையாகக் கொண்டது. 2019-ஆம் ஆண்டு அறிவிக்கை அந்த 100-ஐ 50 ஆக்கியது. அதற்கு அப்பால் உள்ள ஏரி, கால்வாய், மேய்ச்சல் நிலம் எதையும் இந்த அறிவிக்கை தொடுவதில்லை. அவை வேறு வேறு துறைகளின் வேறு வேறு கோப்புகளில் இருக்கின்றன.

எனவே மனுவிலோ கிராமசபைத் தீர்மானத்திலோ எழுதும்போது, படகு வழியைப் பற்றியதாக இருந்தால் 'முகத்துவாரம்' என்று எழுதலாம். நீரும் சேறும் காடும் மீனும் சேர்ந்த பரப்பைக் காக்கக் கேட்பதாக இருந்தால் 'கழிமுகமும் அதன் நீர்வடிப் பகுதியும்' என்று முழுமையாக எழுதி, நீர் இறங்கிவரும் ஏரிகளையும் கால்வாய்களையும் புல எண்ணோடு ஒவ்வொன்றாகக் குறிப்பிட வேண்டும்.