வலியில்லாத சொத்தையைத்தான் அடைக்க முடியும்

"வலியே இல்லையே டாக்டர், இப்போ எதுக்கு அடைக்கணும்?" பல் மருத்துவமனைகளில் தினமும் கேட்கும் கேள்வி இது. அதே ஆள் ஓராண்டு கழித்துக் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வந்து, "ரூட் கேனால் எல்லாம் வேண்டாம், சிமென்ட் வெச்சு அடைச்சு மட்டும் விடுங்க" என்பார். இரண்டுமே தலைகீழ். அடைத்தே சரிசெய்யக்கூடிய காலத்தில் சொத்தை பெரும்பாலும் வலிப்பதில்லை. ராத்தூக்கத்தைக் கெடுக்கும் வலி வந்துவிட்டால், அநேகமாக அடைக்கும் காலம் தாண்டிவிட்டது.

பல்லின் மேல் ஓடான எனாமலில் எடைக்கணக்கில் 96% தாது உப்புதான், நரம்பு கிடையாது. அதனால் அது கரையும்போது எதுவும் தெரியாது. அதற்கு உள்ளே இருக்கும் டென்டின் மென்மையானது, நுண்ணிய குழாய்கள் நிறைந்தது. சொத்தை அங்கே போய்ச் சேர்ந்ததும் ஆழமாக மட்டும் இல்லாமல் பக்கவாட்டிலும் பரவும். கரையான் அரித்த கதவு மாதிரி, வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்கும், உள்ளே கூடு. "குண்டூசி முனை அளவுதான் கறுப்பு இருந்தது, டாக்டர் இவ்வளவு பெரிய குழி தோண்டிட்டார்" என்ற புகாருக்குக் காரணம் இதுதான். அந்தக் குழி ஏற்கெனவே உள்ளே இருந்தது. கீழே தாங்கல் இல்லாத எனாமலை அப்படியே விட்டு அதன்மேல் அடைத்தால், கடிக்கும்போது விளிம்பு உடைந்து அடைப்பும் சேர்ந்து போகும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கறுப்பாகத் தெரிவதெல்லாம் சொத்தை அல்ல. கடைவாய்ப் பல்லின் பள்ளங்களில் டீக்கறை, வெற்றிலைக்கறை படிந்திருக்கலாம். பல ஆண்டுகளுக்கு முன் தொடங்கித் தானாக நின்றுபோன, கெட்டியான கறுப்புச் சொத்தையும் உண்டு. எனாமலில் சுண்ணாம்பு நிறத்தில் மங்கிய வெள்ளைத் திட்டாக இருப்பதுதான் சொத்தையின் முதல் கட்டம். குழி விழாதவரை ஃப்ளூரைடு பூச்சாலும் உணவுப் பழக்கத்தை மாற்றுவதாலும் அதை நிறுத்த முடியும். ஒரே வருகையில் எட்டுப் பல்லை அடைக்கச் சொன்னால், எக்ஸ்ரேயைக் காட்டச் சொல்லி ஒவ்வொன்றாக விளக்கம் கேளுங்கள். கேட்பதில் தப்பே இல்லை.

எக்ஸ்ரே ஏன் என்றால், இரண்டு பற்கள் ஒட்டும் இடத்தில் தொடங்கும் சொத்தை கண்ணாடி வைத்துப் பார்த்தாலும் தெரியாது. மேல், கீழ் கடைவாய்ப் பற்களைச் சேர்த்துக் கடித்தபடி எடுக்கும் பைட்விங் படத்தில் அது பிடிபடும். படத்தில் தெரிவதைவிட உண்மைச் சொத்தை பெரும்பாலும் கொஞ்சம் ஆழமாகவே இருக்கும். "படத்துல சின்னதாத்தானே இருந்துச்சு" என்று கேட்கும் முன் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பல்லுக்குள் புழு கிடையாது. கண்டங்கத்திரி விதைப் புகை பிடித்து, சாலையோரத்தில் பஞ்சால் துடைத்து எடுத்துக் காட்டப்படும் புழு உங்கள் பல்லிலிருந்து வந்ததல்ல. பல்லில் படியும் பாக்டீரியா சர்க்கரையைத் தின்று அமிலம் விடுகிறது. வாயின் பி.எச். 5.5 அளவுக்குக் கீழே இறங்கினால் எனாமல் கரைய ஆரம்பிக்கும். உமிழ்நீர் அதைச் சமன்செய்ய அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை ஆகலாம். ஆகவே எவ்வளவு இனிப்பு என்பதைவிட எத்தனை தடவை என்பதே முக்கியம். சாப்பாட்டோடு ஒரு ஜாங்கிரி தின்பவரைவிட, ஒரு மணிக்கொரு தடவை சர்க்கரை போட்ட டீயும் பிஸ்கட்டும் எடுப்பவரின் பல் சீக்கிரம் போகும்.

வலியைப் படிக்கத் தெரிந்துகொள்ளுங்கள்

ஐஸ் தண்ணீரோ இனிப்போ பட்டதும் சுருக்கென்று கூசி, அது போனதும் சில நொடிகளில் கூச்சமும் போய்விட்டால், பல்லின் நரம்பு எரிச்சலில் இருக்கிறது, ஆனால் உயிரோடு நல்லபடியாக இருக்கிறது. சொத்தையைச் சுரண்டி அடைத்தால் அடங்கிவிடும். இந்தக் கட்டத்தில் வருபவர்கள் அதிர்ஷ்டசாலிகள்.

குளிர்ச்சி போன பிறகும் அரை நிமிடம், ஒரு நிமிடம் என்று வலி நீடிக்கிறது, சூடு பட்டால் வலிக்கிறது, எதுவும் படாமலே துடிக்கிறது, படுத்தால் அதிகமாகிறது என்றால் நரம்பு வீங்கி மீளமுடியாத நிலைக்குப் போய்விட்டது. பல்லுக்குள் இருக்கும் நரம்பும் ரத்தக்குழாயும் கெட்டிச் சுவருக்குள் அடைபட்டவை, வீங்க இடமில்லை. இந்தப் பல்லைச் சும்மா அடைத்தால் அழுத்தம் உள்ளே ஏறி, வீட்டுக்குப் போவதற்குள் வலி உயிர்போகும். "அடைச்சதாலதான் வலி வந்துச்சு" என்று ஊரெல்லாம் சொல்லப்படும் கதைகளில் ஒரு பங்கு இப்படி நேரம் தவறிய அடைப்புகள்.

இதைவிட ஏமாற்றுவது, கடுமையாக வலித்த பல் திடீரென்று தானாக அடங்குவது. கைவைத்தியம் கேட்டது என்று நினைப்பார்கள். பெரும்பாலும் நரம்பு செத்துப்போயிருக்கும். சில வாரமோ சில மாதமோ கழித்து ஈறில் கொப்புளம், கன்ன வீக்கம் என்று திரும்பி வரும்.

ஆஸ்பிரின் மாத்திரையைப் பொடித்துப் பல்லோரம் வைத்துக்கொண்டு ஈறு வெந்துபோய் வருபவர்கள் இன்றும் உண்டு. மாத்திரை வயிற்றுக்குப் போனால்தான் வேலை செய்யும். கிராம்பு எண்ணெயில் உள்ள யூஜினால் வலியைத் தற்காலிகமாக மரக்கச் செய்வது உண்மைதான்; பஞ்சில் ஒரு சொட்டு தொட்டுக் குழிக்குள் மட்டும் வைக்கலாம், ஈறில் ஊற்றினால் எரிந்து புண்ணாகும். ஆனால் கிராம்பு எண்ணெய் வைத்துவிட்டு வந்தால் மறக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். யூஜினால் மிச்சமிருக்கும் இடத்தில் பல்நிற அடைப்பு சரியாக இறுகாது.

குழிக்குள் நடப்பது

வெறும் வயிற்றோடு வராதீர்கள். பயமும் பசியும் சேர்ந்தால்தான் நாற்காலியில் மயக்கம் வருகிறது. ஊசி மருந்து வழக்கமாக 2% லிக்னோகைன். அதோடு கொஞ்சம் அட்ரினலின் கலந்திருக்கும் என்பதால் சிலருக்குச் சில நிமிடம் நெஞ்சு படபடக்கும். இதய நோய், ரத்த அழுத்தம், ரத்தம் உறையாமலிருக்கப் போடும் மாத்திரை எதுவானாலும் ஊசிக்கு முன்பே சொல்லிவிட வேண்டும். சின்னச் சொத்தைக்கு ஊசியே தேவைப்படாது.

டிரில் நிமிடத்துக்கு 3 லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும். அதோடு தண்ணீர் பீய்ச்சுவது சுத்தம் செய்வதற்கு மட்டுமல்ல. தண்ணீர் இல்லாவிட்டால் சூடு ஏறி நரம்பு பாதிக்கும். எனாமலைத் திறந்த பிறகு, மெத்தென்ற சொத்தையை மெதுவாகச் சுற்றும் கருவியாலோ கரண்டி போன்ற கைக்கருவியாலோ வழித்தெடுப்போம். குழியின் ஓரங்களில் துளி சொத்தைகூட இருக்கக் கூடாது. நரம்புக்கு மிக அருகில் மட்டும், தோண்டினால் நரம்பு திறந்துவிடும் என்ற இடத்தில், கொஞ்சம் மெத்தென்ற டென்டினைத் தெரிந்தே விட்டுவைப்பது இன்றைய முறை. காற்றும் எச்சிலும் புகாமல் மேலே மூடிவிட்டால் உள்ளே மாட்டிய பாக்டீரியாவுக்கு உணவு கிடைக்காது. "அழுக்கை அப்படியே விட்டுட்டார்" என்று நினைக்க வேண்டாம். அடியில் விடுவது முறை, ஓரத்தில் விடுவதுதான் தவறு.

பல்நிற கம்போசிட் அடைப்பில் எல்லாமே ஈரத்தைத் தடுப்பதில்தான் இருக்கிறது. முதலில் 37% பாஸ்பாரிக் அமில ஜெல்லை 15 முதல் 30 நொடி தடவிக் கழுவுவோம். எனாமல் உறைபனிபோல வெண்மையாகத் தெரிய வேண்டும். அதில் உண்டாகும் நுண்துளைகளில்தான் பசை பிடிக்கும். அமிலத்தால் பல்லைப் பதப்படுத்தும் இந்த யோசனையை 1955இல் வெளியிட்டவர் அமெரிக்கர் மைக்கேல் பூனோகோர். அதற்குப் பிறகு பசையைத் தேய்த்து, காற்றடித்து மெலிதாக்கி, நீல ஒளியில் இறுக்க வேண்டும். அடுத்து கம்போசிட்டை 2 மில்லிமீட்டர் கனத்துக்கு மேல் போகாமல் அடுக்கடுக்காக வைத்து, ஒவ்வோர் அடுக்குக்கும் சுமார் 20 நொடி ஒளி. ஒரே தடவையில் 4 மில்லிமீட்டர் வைக்கும் வகைகளும் இப்போது வந்துவிட்டன. சாதாரண வகையை அப்படிக் கொட்டி நிரப்பினால் மேலே கல்லாகவும் அடியில் இறுகாமலும் இருக்கும். இறுகும்போது சுருங்கி ஓரத்தில் இடைவெளியும் விடும்.

இந்த வரிசையில் எங்காவது எச்சிலோ ஈறு ரத்தமோ பட்டால் திரும்பவும் முதலிலிருந்து. வாயில் ரப்பர் திரை மாட்டுவதும், உறிஞ்சு குழாயை நகர்த்தாமல் பிடிக்கச் சொல்வதும் அதற்குத்தான். நடுவில் எழுந்து துப்புகிறேன் என்பவரின் அடைப்புக்கு ஆயுள் குறைவு. ஈறு வீங்கித் தொட்டாலே ரத்தம் வரும் வாயில், முதலில் கிளீனிங் செய்துவிட்டு ஒரு வாரம் கழித்து அடைப்பது நல்லது.

இரண்டு பல் நடுவில் உள்ள சொத்தைதான் கைத்திறனுக்குச் சோதனை. பல்லைச் சுற்றி மெல்லிய உலோகப் பட்டை கட்டி, ஈறோரம் சின்ன ஆப்பு செருகி, பக்கத்துப் பல்லோடு இறுக்கமாக ஒட்டும்படி சுவர் எழுப்ப வேண்டும். ஒட்டாவிட்டால் அந்தச் சந்தில் கறித்துண்டும் கீரையும் தினமும் மாட்டும். பிறகு ஊக்கு, ஈர்க்குச்சி வைத்துக் குத்த ஆரம்பிப்பார்கள். ஈறு கீழிறங்கும், அடைப்புக்குக் கீழே புதுச் சொத்தை வரும். அடைத்த பல்லில் முன்பு மாட்டாத உணவு மாட்டினால், பழகிவிடும் என்று விடாமல் திரும்பப் போய்ச் சரிசெய்துகொள்ளுங்கள்.

தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் தண்ணீரில் ஃப்ளூரைடு அதிகம். அதனால் பழுப்பேறிய பற்களின் எனாமல் அமிலத்துக்கு எளிதில் இணங்காது. ஜெல்லை வழக்கத்தைவிடக் கூடுதல் நேரம் வைக்க வேண்டியிருக்கும். சிறுவயதை அந்த ஊர்களில் கழித்தவர்கள் இதைச் சொன்னால் உதவியாக இருக்கும்.

வெள்ளி அடைப்பு என்று சொல்லப்படும் அமால்கத்தில் எடையில் ஏறத்தாழ பாதி பாதரசம். ஈரத்தைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும், நீண்ட காலம் உழைக்கும். ஆனால் பசையில்லாமல் குழியின் வடிவத்தைப் பிடித்தே நிற்பதால் நல்ல பல்லையும் கொஞ்சம் வெட்ட வேண்டும். சுற்றுச்சூழலில் பாதரசம் சேர்வதைத் தடுக்கவே ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜனவரி முதல் இதைச் சில விலக்குகளோடு நிறுத்தியது. ஏற்கெனவே வாயில் இருக்கும் நல்ல வெள்ளி அடைப்பைப் பயந்து பிடுங்க வேண்டாம். பிடுங்கும்போது கிளம்பும் ஆவிதான் சும்மா இருப்பதைவிட அதிகம். கிளாஸ் அயனோமர் சிமென்ட் பல்லோடு தானாகவே ஒட்டும், ஃப்ளூரைடு கசியவிடும். பால்பல்லுக்கும் ஈறோரச் சொத்தைக்கும் ஏற்றது, கடித்து அரைக்கும் பெரிய குழிக்குத் தாங்காது. தற்காலிக மருந்து வைத்து அனுப்பினால் அது சில வாரத்துக்கு மட்டுமே. வலி போய்விட்டது என்று அதோடு வருடக்கணக்கில் திரிபவர்கள் ஏராளம்.

பல்லின் முனைகளே உடைந்துபோயிருந்தால் எந்த அடைப்பும் நிற்காது. அங்கே பல்லை முழுசாக மூடும் கேப்தான் வழி.

அடைத்த பிறகு

கம்போசிட் அப்போதே இறுகிவிடும். மரப்பு போனதும் சாப்பிடலாம். வெள்ளி அடைப்பு என்றால் 24 மணி நேரம் அந்தப் பக்கம் கடிக்கக் கூடாது. ஓரிரு வாரம் குளிர்ச்சிக்குக் கூசுவது சகஜம். கடித்தால் மட்டும் அந்த ஒரு பல் முதலில் இடித்து வலித்தால் அடைப்பு உயரமாக இருக்கிறது. மரத்த வாயில், உயரம் பார்க்கக் கொடுக்கும் கலர்த்தாளைக் கடித்துப் பார்க்கும்போது சில சமயம் சரியாகப் பிடிபடாது. மறுநாளே போனால் இரண்டு நிமிடத்தில் தேய்த்துச் சரிசெய்துவிடலாம். பொறுத்துக்கொண்டே இருந்தால் பல்லைச் சுற்றிய எலும்புப் பிடிப்பு நோகும். கூச்சம் குறையாமல் நாளுக்கு நாள் கூடினாலோ, ராத்திரி எழுப்பினாலோ நரம்பு தாக்குப்பிடிக்கவில்லை என்று பொருள். ரூட் கேனால் என்னும் வேர் சிகிச்சைக்குத் தயாராக வேண்டும்.

குழந்தைகள் விஷயத்தில் ஒரே தவறு வீட்டுக்கு வீடு நடக்கிறது. ஆறு வயதில் கடைசிப் பால்பல்லுக்குப் பின்னால் எந்தப் பல்லும் விழாமலே ஒரு பெரிய பல் முளைக்கும். அது நிரந்தரப் பல். "விழுந்து முளைக்கிற பல்தானே" என்று விடப்பட்டு, எட்டு வயதில் பாதி கரைந்து வருவது பெரும்பாலும் அந்தப் பல்தான். முளைத்ததும் பள்ளங்களைச் சீலன்ட் என்னும் பூச்சு வைத்து மூடிவிட்டால் அடைக்கும் வேலையே மிச்சம். பால் கடைவாய்ப்பல்லும் 10, 12 வயது வரை இருக்க வேண்டியது. சீக்கிரம் பிடுங்கினால் பக்கத்துப் பல் சாய்ந்து இடத்தைப் பிடித்துக்கொள்ளும். டிரில்லுக்கு உட்காரவே மாட்டேன் என்னும் சின்னக் குழந்தைக்கு 38% சில்வர் டையமைன் ஃப்ளூரைடு தடவிச் சொத்தையை நிறுத்தி வைக்கலாம். தடவிய சொத்தை நிரந்தரமாகக் கறுத்துவிடும் என்பதை மட்டும் முன்கூட்டியே தெரிந்துகொண்டு சம்மதியுங்கள்.

கீழ்த்தாடைக்கு ஊசி போட்ட குழந்தையின் உதடு இரண்டு மூன்று மணி நேரம் மரத்திருக்கும். வலி தெரியாததால் விளையாட்டாகக் கடித்துக் கிழித்துக்கொள்ளும். மறுநாள் உதடு வீங்கி வெள்ளையாகப் புண் தெரியும். உணர்ச்சி திரும்பும்வரை சாப்பாடு கொடுக்காமல், பக்கத்தில் இருந்து வாயைக் கவனித்துக்கொண்டே இருங்கள்.