குளூட்டமேட் ஏற்பிகள் எங்கே உட்கார்ந்திருக்கின்றன?

வியாசர்பாடிப் பக்கம் கேரம் ஆட வரும் புதுப் பையனுக்கு கட் ஷாட் லேசில் வசப்படாது. காயின் எந்த ஓரத்தில் ஸ்ட்ரைக்கர் பட வேண்டும், எவ்வளவு வேகம் என்பதெல்லாம் திரும்பத் திரும்ப அடித்த பிறகுதான் படியும். "கை பழகிடுச்சு" என்பார்கள். அந்தப் பழக்கத்தில் பெரும் பங்கு பெருமூளைப் புறணிக்கு, அதாவது பெருமூளையின் மேலுறைக்கு, உண்டு.

2 முதல் 4 மில்லிமீட்டர் தடிமன், ஆறு அடுக்குகள். அவ்வளவுதான் புறணி. இங்கே ஒரு நரம்பணு இன்னொன்றைத் தூண்டப் பெரும்பாலும் பயன்படுத்துவது குளூட்டமேட். அதை வாங்கிக்கொள்ளும் புரதங்களே ஏற்பிகள். அவை உட்காரும் இடம்தான் அவற்றின் வேலையை முடிவு செய்கிறது. எனக்குத் தீராத வியப்பு இதில்தான்.

பிரமிடு வடிவ நரம்பணுவின் கிளைகளில், ரோஜாக் காம்பில் இருப்பதுபோல முட்கள் நீட்டிக்கொண்டிருக்கும். முள்ளின் தலை பெரும்பாலும் ஒரு மைக்ரானுக்கும் குறைவு. எதிரே குளூட்டமேட்டை வெளியிடும் நரம்பு முனை. நடுவில் சுமார் 20 நானோமீட்டர் இடைவெளி. அந்த இடைவெளியை ஒட்டி, முள்ளின் தலைக்குள், புரதம் அடர்ந்த ஒரு தட்டு இருக்கிறது. ஆம்பா, என்எம்டிஏ என்ற இரு வகை ஏற்பிகளும் அதில்தான் நெருங்கி நிற்கின்றன.

குளூட்டமேட் பட்டதும் ஆம்பா திறந்துகொள்ளும்; சோடியம் உள்ளே பாயும். என்எம்டிஏ அவ்வளவு சுலபத்தில் வழிவிடாது. அதன் துளையை மக்னீசியம் அடைத்திருக்கும் என்பது 1984இல் தெரியவந்தது. பக்கத்திலுள்ள ஆம்பாக்கள் திறந்து மின்னழுத்தம் மாறினால்தான் அடைப்பு விலகும், கால்சியம் நுழையும். அப்புறம்தான் விஷயமே. சவ்வில் மிதந்து திரியும் ஆம்பா ஏற்பிகள் தட்டுக்கு வந்து மாட்டிக்கொள்ள, அந்த இணைப்பு வலுக்கும். புது வித்தை பழகும் எலிகளின் இயக்கப் புறணியில் (உடல் அசைவுகளை நடத்தும் பகுதி) ஒரு மணி நேரத்துக்குள்ளேயே புது முட்கள் முளைப்பதையும் பார்த்திருக்கிறார்கள்.

தட்டின் விளிம்பில் எம்குளூ-5 என்ற இன்னொரு வகை குளூட்டமேட் ஏற்பி இருக்கிறது. குளூட்டமேட் நிறைய வழிந்தால்தான் அதை எட்டும். அதன் உறவான எம்குளூ-2 பெரும்பாலும் அனுப்பும் பக்கத்தில், குளூட்டமேட் வெளியேறும் இடத்திலிருந்து சற்றுத் தள்ளி உண்டு. அதுவரை வழிந்துவிட்டால் வெளியீட்டைக் குறைக்கும். புறணியின் அடுக்குக்கு அடுக்கும் ஏற்பிகளின் அளவு மாறும்: என்எம்டிஏ மேலடுக்குகளில் அதிகம், கைனேட் என்ற மற்றொரு வகை ஆழத்தில் அதிகம்.

தட்டுக்கு வெளியேயும் என்எம்டிஏ கொஞ்சம் உண்டு. பக்கவாதம் வந்த ஒருவரை ராயபுரத்திலிருந்து ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடும்போது, ரத்தம் போகாத பகுதியில் குளூட்டமேட் தேங்கி அவற்றையும் ஓயாமல் தூண்டுகிறது. கால்சியம் மிகுந்து செல்கள் சாகின்றன. என்எம்டிஏயை அடைக்கும் மருந்துகளை நோயாளிகளிடம் சோதித்தும் பலன் கிடைக்கவில்லை. கெடுதல் நடக்கும் இடத்தோடு, மூளைக்குத் தேவையான இடங்களையும் சேர்த்தே அவை அடைத்தது அதற்கு ஒரு காரணம்.