ஆர் ஸ்கொயர் குறைவாக வருகிறதா?

முனைவர் பட்ட ஆய்வாளர்களுக்குப் புள்ளியியல் ஆலோசனை சொல்வது என் வேலை. வயது, பாலினம், படிப்பு, வருமானம் ஆகியவற்றை வைத்து ஒருவரின் சுற்றுச்சூழல் மனப்பான்மையைக் கணிக்க மல்டிபிள் ரிக்ரஷன் (பல மாறிகளைச் சேர்த்து வைத்து ஒன்றைக் கணிக்கும் முறை) போட்டவர்கள் பெரும்பாலும் ஒரே புலம்பலோடு வருவார்கள்: "ஆர் ஸ்கொயர் 0.10தான் வருது சார், கைடு ஒத்துக்க மாட்டார்." மனப்பான்மையில் ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாட்டில் எவ்வளவு பங்கை இந்த மாறிகள் விளக்குகின்றன என்று சொல்லும் எண்தான் ஆர் ஸ்கொயர். 0.10 என்றால் பத்து சதவீதம்.

நான் முதலில் கேட்பது கேள்வித்தாளை. இந்தத் துறையில் அதிகம் புழங்கும் அளவுகோல் என்.இ.பி. என்கிற வாக்கியத் தொகுப்பு. ரைலி டன்லப்பும் கென்ட் வான் லியரும் 1978இல் வெளியிட்டது. 2000இல் திருத்திய வடிவத்தில் 15 வாக்கியங்கள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். எட்டு வாக்கியங்களை ஏற்பவர் இயற்கையின் பக்கம். மீதி ஏழும் 'இயற்கையை ஆளவே மனிதன் பிறந்தான்' என்கிற ரகம். அவற்றை மறுப்பவர்தான் இயற்கையின் பக்கம். இந்த ஏழின் மதிப்பெண்களைத் திருப்பிப் போடாமல் கூட்டினால் என்ன ஆகும்? முழு மனதாக இயற்கையின் பக்கம் நிற்பவருக்கு 75 வரவேண்டிய இடத்தில் 47 வரும். நேர் எதிர்ப்பக்கம் நிற்பவருக்கு 15க்குப் பதில் 43. இரண்டு துருவங்களுக்கும் நடுவே நாலே மதிப்பெண்! அப்புறம் ரிக்ரஷன் எதைக் கணிக்கும்? க்ரான்பாக் ஆல்ஃபா (வாக்கியங்களுக்கான பதில்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று காட்டும் எண்) பரிதாபமாக வந்தால் இங்கேதான் சந்தேகப்பட வேண்டும்.

அடுத்து, தொழிலுக்கு 1, 2, 3 என்று குறியீடு கொடுத்து அப்படியே மாடலில் போட்டிருப்பார்கள். விவசாயி 1, வியாபாரி 3 என்றால் வியாபாரி எதில் இரண்டு படி கூட? ஆம் என்றால் 1, இல்லை என்றால் 0 என்று மட்டும் எடுக்கும் டம்மி மாறிகளாகப் பிரித்துவிடுங்கள்.

சரி, எல்லாம் ஒழுங்காக இருந்தும் 0.10தானா? அப்படியானால் அதுதான் விடை. வான் லியரும் டன்லப்பும் 1980இல் அதுவரையிலான ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோதே, வயது, படிப்பு, அரசியல் சார்பு மூன்றுக்கும்தான் ஓரளவு நிலையான தொடர்பு தெரிந்தது. அதுவும் பலமாக இல்லை. உதாரணத்துக்கு, உங்கள் மதிப்பெண்களின் திட்ட விலக்கம் (சராசரியிலிருந்து சிதறும் அளவு) 8 என்று வைத்துக்கொள்வோம். ஆர் ஸ்கொயர் 0.10 என்றால், எல்லா விவரமும் தெரிந்த பிறகும் கணிப்பின் பிழை 8இலிருந்து சுமார் 7.6க்குத்தான் குறையும். ஒருவரின் சுயவிவரத்தைப் பார்த்து 'இவர் இப்படித்தான் நினைப்பார்' என்று சொல்லிவிட முடியாது என்பதே ஒரு கண்டுபிடிப்புதானே? இதை மறைக்க என்ன இருக்கிறது, எனக்குப் புரிவதில்லை.

ஆனால் பலர் மறைக்கத்தான் பார்க்கிறார்கள். கைக்குக் கிடைத்த மாறிகளையெல்லாம் கொட்டி, ஸ்டெப்வைஸ் (மாறிகளை மென்பொருளே தேர்ந்தெடுக்கும் முறை) பொத்தானை அமுக்கி, நட்சத்திரக் குறி (புள்ளியியல்படி முக்கியம் என்பதற்கான அடையாளம்) விழுந்ததை மட்டும் எழுதுகிறார்கள். சம்பந்தமே இல்லாத 20 மாறிகளைச் சோதித்தாலும் 5 சதவீத முக்கியத்துவ அளவில் சராசரியாக ஒன்றுக்குத் தற்செயலாகவே நட்சத்திரம் விழும். எந்த மாறிகள், ஏன் என்பதைத் தரவு சேகரிக்கும் முன்பே எழுதி வையுங்கள். வருமானமும் படிப்பும் கைகோத்துப் போகுமே என்று பயந்து ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு தூக்கவும் வேண்டாம், வி.ஐ.எஃப் (ஒரு மாறி மற்ற மாறிகளோடு எவ்வளவு பின்னியிருக்கிறது என்று காட்டும் எண்) மதிப்பைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

வயதின் கெழு (ரிக்ரஷனில் அந்த மாறிக்குக் கிடைக்கும் எண்) மைனஸில் வந்ததும் 'வயதாக ஆக அக்கறை குறைகிறது' என்று எழுதுவது இன்னொரு வழக்கம். ஒரே சமயத்தில் எடுத்த சர்வே அது. இன்று 60 வயதில் இருப்பவர் 25 வயதில் என்ன நினைத்தார் என்று அதில் எங்கே இருக்கிறது? அது தலைமுறை வித்தியாசமாகவும் இருக்கலாம். 'மற்ற மாறிகள் சமமாக இருக்கும்போது, இந்த ஆய்வுக்கு எடுத்த மாதிரியில் மூத்தவர்களின் மதிப்பெண் குறைவு' என்று எழுதினால் வைவாவில் யாரும் மடக்க முடியாது.